இடக்கையால் எழுதுபவர் இந்த வயதில் கையெழுத்தைத் திருத்திக்கொள்ள முடியுமா?

உங்கள் கேள்வியின் சாரம் இது. உங்களுக்கு வயது 34, சிறுவயது முதலே இடக்கையால்தான் எழுதுகிறீர்கள், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குத் தயாராகிவருகிறீர்கள். விடைகளைத் தமிழில் எழுதப் போகிறீர்கள். அரைமணி நேரம் எழுதினாலே மணிக்கட்டு வலிக்கிறது. மை காய்வதற்குள் கையின் ஓரம் பட்டு வரி முழுவதும் தேய்ந்துவிடுகிறது. மாதிரித் தேர்வைத் திருத்தியவர் ‘ண, ன வேறுபாடு தெரியவில்லை’ என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த வயதில் கையெழுத்து மாறுமா, அல்லது வலக்கைக்கே மாறிவிடுவது நல்லதா என்பது உங்கள் கேள்வி.

மாறும், வலக்கைக்குப் போக வேண்டாம். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இடக்கைதான் இயல்பான எழுதும் கை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எழுதிப் பழகிய அந்தக் கையை விட்டுவிட்டு, மூன்று மணி நேரம் இடைவிடாமல் எழுத வேண்டிய ஒரு தேர்வுக்காக இன்னொரு கையை அரிச்சுவடியிலிருந்து பழக்குவது வீண் உழைப்பு. முன்பெல்லாம் பள்ளிகளில் இடக்கைப் பிள்ளைகளை அதட்டியும் அடித்தும் வலக்கைக்கு மாற்றினார்கள். அது தவறு என்பதை இன்று கல்வியாளர்களும் மருத்துவர்களும் ஒப்புக்கொண்டுவிட்ட பிறகு, நம்மை நாமே அதற்கு உட்படுத்திக்கொள்வதில் பொருளில்லை.

வயதைப் பற்றிய தயக்கத்திற்கு ஒரு சான்று சொல்கிறேன். இளமையில் கையெழுத்தைப் புறக்கணித்தவர் பின்னாளில் அதைச் சரிசெய்ய முடியாது என்பதற்குக் காந்தியடிகளையே மேற்கோள் காட்டுவார்கள். தம்முடைய கையெழுத்தைப் பிறகு திருத்த முயன்றும் முடியவில்லை என்று அவர் தன்வரலாற்றில் வருந்தி எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் அதே காந்தி, 1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கில்டோனன் காசில் என்ற கப்பலில் திரும்பியபோது, ‘ஹிந்த் சுவராஜ்’ நூலைக் குஜராத்தியில் ஒரே மூச்சாக எழுதினார். 275 பக்கக் கையெழுத்துப் பிரதியில் வலக்கை சோர்ந்தபோதெல்லாம் பேனாவை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, சுமார் 40 பக்கங்களை இடக்கையால் எழுதினார். அப்போது அவருக்கு வயது 40. பழகாத கையே அந்த வயதில் அச்சுக்குப் போகும் அளவுக்கு எழுத முடிந்ததென்றால், ஆண்டுக்கணக்கில் எழுதிப் பழகிய உங்கள் இடக்கையால் திருந்த முடியாது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

பெரியவர்களில் பலர் கையெழுத்தைத் திருத்த வேண்டும் என்று நினைத்ததும் இரட்டைக்கோடு நோட்டு வாங்கி அ, ஆ எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். வலக்கைக்காரருக்கு அது ஓரளவு பயன்படும். இடக்கைக்காரருக்கு எழுத்தின் வடிவம் மூன்றாவதாகக் கவனிக்க வேண்டிய வேலை. முதலாவது தாள் கிடக்கும் விதம், இரண்டாவது மணிக்கட்டு. இவை இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு எத்தனை நோட்டு எழுதினாலும், வேகம் கூடியதும் பழைய கோணலே திரும்பி வரும்.

தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாகச் செல்பவை. வலக்கைக்காரர் எழுதும்போது அவருடைய கை எழுத்துக்கு முன்னே நகர்ந்துகொண்டே போகிறது. பேனா முனை அதன் பின்னால் இழுபடுகிறது. இடக்கைக்காரருக்கு இது தலைகீழ். கை எழுத்துக்குப் பின்னால் வருகிறது. ஆகவே இப்போதுதான் எழுதிய எழுத்தை மறைக்கிறது, ஈரமான மையின்மேல் உரசுகிறது, பேனாவை இழுப்பதற்குப் பதில் தள்ள வேண்டியும் வருகிறது. தள்ளப்படும் முனை தாளைக் குத்தும். குத்தாமலிருக்க விரல்கள் இறுகும். விரல்கள் இறுகினால் வளைவுகள் நசுங்கும். நீங்கள் சொல்லும் வலி, மைத் தேய்ப்பு, சுழி தெரியாமை ஆகிய மூன்றும் ஒரே காரணத்தின் விளைவுகள் என்பதால், அந்தக் காரணத்தைச் சரிசெய்தால் மூன்றும் சேர்ந்தே குறையும்.

இப்போது தாளுக்கு வருவோம். மேசையின் முன் நேராக உட்கார்ந்து, தாளை உடலின் நடுக்கோட்டுக்கு இடப்பக்கமாக நகர்த்துங்கள். பிறகு அதைக் கடிகார முள் சுற்றும் திசையில் சாயுங்கள். 30 முதல் 45 பாகை வரை சாயலாம். சாய்த்த பிறகு தாளின் வலது கீழ்மூலை உங்கள் வயிற்றை நோக்கியிருக்க வேண்டும், இடது மேல்மூலை உயரத்தில் இருக்க வேண்டும். வகுப்பில் ஆசிரியர் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லித் தந்த சாய்வு இதற்கு நேர் எதிரானது. அது வலக்கைக்கு உரியது; இடக்கைக்காரர் பலர் அதை அப்படியே கைக்கொண்டதால்தான் மணிக்கட்டை வளைக்கும் நிலைக்கு வந்து சேர்ந்தார்கள்.

இந்தச் சாய்வு செய்யும் வேலையைக் கவனியுங்கள். தாள் நேராகக் கிடக்கும்போது வரி இடமிருந்து வலமாகக் கிடையாக ஓடுகிறது. தாளைச் சாய்த்ததும் அதே வரி மேல் இடமிருந்து கீழ் வலமாக, உங்கள் உடலை நோக்கி இறங்கத் தொடங்குகிறது. கிடைக்கோட்டைத் தள்ளிக்கொண்டிருந்த கை இப்போது பாதி இழுக்கத் தொடங்கிவிடுகிறது. மேலிருந்து கீழே வரும் கோடுகளோ உங்கள் முழங்கையை நோக்கி வருகின்றன. அவையும் இழுப்பாகவே அமைகின்றன. முன்கையும் எழுதும் வரியும் ஏறக்குறைய செங்கோணத்தில் சந்தித்தால் சாய்வு சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். சிலர் தாளை ஏறத்தாழ முழுவதும் திருப்பி, மேலிருந்து கீழாக எழுதுவதுபோல எழுதுவார்கள்; பார்ப்பதற்கு விந்தையாக இருந்தாலும் அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் தேர்வறையில் அருகருகே உட்கார்ந்திருக்கும் நிலையில் அவ்வளவு திருப்புவதற்கு இடம் கிடைக்காது என்பதால் 45 பாகைக்குள் பழகிக்கொள்வது நல்லது.

தாளை இடப்பக்கம் தள்ளி வைக்கச் சொன்னதற்குக் காரணம் வரியின் முடிவில் தெரியும். வரி வலப்பக்கம் போகப்போக உங்கள் முழங்கை விலாவை நெருங்குகிறது; தாள் நடுவில் இருந்தால் வரியின் கடைசிச் சொற்களுக்குக் கை நகர இடமில்லாமல் போகிறது. வரித் தொடக்கத்தில் நன்றாக இருக்கும் எழுத்து வலது ஓரத்தில் நெருங்கிச் சிறுத்துப் போவதை உங்கள் விடைத்தாளில் நீங்களே பார்க்கலாம். தாளை நகர்த்தினால் அது நின்றுவிடும்.

அடுத்தது மணிக்கட்டு. இடக்கைக்காரரில் பலர் கையை வரிக்கு மேலே கொண்டுபோய், மணிக்கட்டைக் கொக்கிபோல வளைத்து, முனை தம்மை நோக்கி இருக்கும்படி எழுதுகிறார்கள். அமெரிக்க முன்னாள் அதிபர் பராக் ஒபாமா சட்டங்களில் கையொப்பமிடும் படங்களில் இதைத் தெளிவாகக் காணலாம். இப்படி எழுதுபவர் எல்லாரையும் மாற்ற வேண்டும் என்பது என் கருத்தன்று. எழுத்து தெளிவாக இருந்து, வலியும் இல்லையென்றால் அந்தக் கையை அப்படியே விட்டுவிடுவதே அறிவுடைமை. உங்களுக்கு வலி இருக்கிறது. ஆகவே உங்கள் நிலை வேறு. வளைந்த மணிக்கட்டில் விரல்களை இயக்கும் தசைநாண்கள் நெளிந்து வேலை செய்கின்றன. மூன்று மணி நேரம் அவற்றை அப்படி இயக்குவது கடினம்.

மாற்றாக, கையை எழுதும் வரிக்குக் கீழே வையுங்கள். சுண்டுவிரல் பக்கம் தாளில் லேசாகப் படிந்திருக்கட்டும்; மணிக்கட்டு நேராகவோ சற்றே பின்புறம் சாய்ந்தோ இருக்கட்டும். இப்போது கை உரசுவது இன்னும் எழுதாத கீழ்வரிகளின்மேல் மட்டுமே. எழுதிய வரி கண்ணுக்குத் தெரிகிறது, மையும் தப்பிக்கிறது. பேனாவை முனையிலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். வலக்கைக்காரர் பிடிக்கும் இடத்தைவிட இது சற்று மேலே இருப்பதால்தான் விரல்களைத் தாண்டி முனையைப் பார்க்க முடிகிறது. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் பேனாவைத் தாங்கினால் போதும். யாராவது வந்து பேனாவைப் பிடுங்கினால் எளிதாகக் கையைவிட்டு நழுவ வேண்டும். அவ்வளவு தளர்வு தேவை. எழுதிய தாளைத் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். பின்பக்கத்தில் எழுத்துகள் மேடாகத் தட்டுப்பட்டால் அழுத்தம் அதிகம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தாளையும் கையையும் மாற்றிய முதல் சில நாட்களில் உங்கள் எழுத்து இப்போது இருப்பதைவிட மோசமாகத்தான் தெரியும். வரிகள் சரியும், வேகம் பாதியாகும். பலர் இந்தக் கட்டத்தில்தான் கைவிட்டுவிடுகிறார்கள். பழைய அசைவு மூளையில் ஆழமாகப் பதிந்திருப்பதால் புதியது மெதுவாகத்தான் இடம்பிடிக்கும். எனவே தேர்வுக்குக் குறைந்தது இரண்டு, மூன்று மாதங்கள் இருக்கும்போது இந்த மாற்றத்தைத் தொடங்குங்கள். இரண்டு வாரமே இருக்கிறதென்றால் மணிக்கட்டைத் தொடாதீர்கள். தாளை மட்டும் சாய்த்து, பேனாவை மாற்றிக்கொண்டு தேர்வை எழுதிவிடுங்கள்.

பேனாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜெல் பேனாவின் மை நீர் கலந்தது. வழவழவென்று ஓடும், அழுத்தம் தேவையில்லை, ஆனால் காய நேரமாகும். சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் மை எண்ணெய்ப் பசை. தேய்வது மிகக் குறைவு, ஆனால் அழுத்தி எழுத வைக்கும் என்பதால் கை வலிக்கும். இரண்டுக்கும் இடைப்பட்டவையாக, இளகிய எண்ணெய் மை கொண்ட பால்பாயிண்ட் பேனாக்கள் இப்போது எல்லா ஸ்டேஷனரி கடைகளிலும் கிடைக்கின்றன. யூனிபால் ஜெட்ஸ்ட்ரீம் அந்த வகையில் நன்கு அறியப்பட்டது. ஜெல்தான் வேண்டுமென்றால் 0.7-க்குப் பதில் 0.5 முனை வாங்குங்கள். மை குறைவாக இறங்குவதால் விரைவில் காயும். எந்தப் பேனாவையும் வாங்குவதற்கு முன் விடைத்தாளை ஒத்த தாளில் நான்கு கோடு போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று நொடி இடைவெளியில் சுண்டுவிரல் ஓரத்தால் தேய்த்துப் பாருங்கள். பளபளப்பான தாளில் எந்த மையும் தாமதமாகவே காயும் என்பதால் தாளை மாற்றிச் சோதித்தால் முடிவு பொய்யாகிவிடும். நிப் பேனாவில் ஆசை இருந்தால், லாமி நிறுவனம் இடக்கைக்காரர்களுக்கென்றே தனி நிப் தயாரிக்கிறது. ஆனால் கையை வரிக்குக் கீழே கொண்டுவந்த பிறகு சாதாரண நிப்பே பெரும்பாலும் ஒத்துழைக்கும். வலக்கை விரல்களுக்கேற்பக் குழிவு செதுக்கிய பிடியுள்ள பேனாக்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இனி எழுத்துகள். ‘அண்ணன்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இடக்கைக்காரரின் தமிழ் எங்கெங்கே பிசகுகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும். மூன்று சுழி ணகரத்தின் நடுச்சுழி, அவசரத்தில் தள்ளி எழுதும்போது நசுங்கிப் பக்கத்துச் சுழியோடு ஒட்டிக்கொள்கிறது. மிஞ்சுவது இரண்டு சுழி. படிப்பவர் அதை னகரமாகவே கொள்வார். உங்கள் திருத்துநர் சுட்டியது இதைத்தான். அடுத்து புள்ளி. சொல்லை முழுவதும் எழுதி முடித்த பிறகு திரும்பி வந்து புள்ளிகளை வைக்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கையால் மறைந்திருந்த எழுத்தின்மேல் குத்துமதிப்பாக வைக்கும்போது, முதல் ணகரத்துக்கு வைக்க வேண்டிய புள்ளி இரண்டாவதன்மேல் போய் உட்காருகிறது; ஈரப் புள்ளி தேய்ந்தாலோ மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடுகிறது. இதற்குத் தீர்வு எளிது. ஒவ்வொரு மெய்யையும் எழுதிய உடனே, அடுத்த எழுத்துக்குப் போகும் முன், புள்ளியை வைத்துவிடுங்கள். வேகம் குறையுமே என்று தோன்றும்; திரும்பி வரும் பயணம் மிச்சமாவதால் குறையாது. பழகிய பிறகு இது தனியாக நினைவில் வைக்க வேண்டிய செயலாகவே இருக்காது.

தமிழில் கிடைக்கோடுகள் ஏராளம். க, த, ச, ர ஆகியவற்றில் மேற்கோடு. ட, ப, ம, ய ஆகியவற்றில் அடிக்கோடு. இவை எல்லாமே இடமிருந்து வலமாகப் போவதால் இடக்கைக்காரருக்குச் சோதனையானவை. ஆகவே பயிற்சியைச் சுழிகளில் தொடங்காமல் டகரத்திலும் பகரத்திலும் தொடங்குங்கள். ‘பட்டம்’, ‘பாட்டு’, ‘தாத்தா’ போன்ற சொற்களை எழுதி, மேற்கோடும் அடிக்கோடும் எல்லா எழுத்துகளிலும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். மற்ற குறைகளை அன்று கண்டுகொள்ளாதீர்கள். அது நிலைப்பட்டதும் ண, ன, ள ஆகியவற்றின் சுழிகளுக்கு வாருங்கள். அங்கே ஒரே நெறிதான்: சுழிக்குள் வெள்ளை தெரிய வேண்டும். கடைசியாகத் துணைக்காலும் கொம்பும். ரகரத்தின் கீழ்வால் சாய்ந்து இறங்காவிட்டால் அது துணைக்காலாகத் தோன்றும். ‘கோ’ போன்ற எழுத்தில் இரட்டைக்கொம்பு, ககரம், துணைக்கால் என்ற மூன்று துண்டுகளும் ஒரே எழுத்தாகத் தெரியும்படி நெருங்கியிருக்க வேண்டும், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஓர் எழுத்தளவு இடம் விட வேண்டும். திருத்துபவரின் கண்ணுக்கு அழகைவிட இந்த இடைவெளிதான் முதலில் படும்.

சாய்வைப் பற்றியும் ஒரு சொல். பள்ளியில் நாலுகோடு நோட்டில் கற்ற வலப்பக்கச் சாய்வு ஆங்கில எழுத்து இடக்கைக்கு இயல்பானதன்று. தமிழ் எழுத்து நிமிர்ந்தே அழகாக இருக்கும். உங்கள் கையும் நிமிர்ந்தோ இடப்பக்கம் மிகச் சற்றே சாய்ந்தோதான் எழுத விரும்பும். அதை அனுமதியுங்கள். சாய்வு எந்தப் பக்கம் என்பது பொருட்டல்ல. எல்லா எழுத்தும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதே போதும்.

பயிற்சிக்கு நாளொன்றுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள், அதையும் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வலி தொடங்கிய பிறகு எழுதும் ஒவ்வொரு வரியும் பழைய பிடியைத்தான் உறுதிப்படுத்தும் என்பதால், வலி வந்ததும் நிறுத்திவிட வேண்டும். முதல் சில வாரங்கள் இரட்டைக்கோடு நோட்டில் மெதுவாக எழுதுங்கள். பிறகு ஒற்றைக்கோட்டுத் தாளில் உங்கள் பாடத்திலிருந்தே ஒரு பத்தியை எழுதுங்கள். அதன் பிறகுதான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழு விடை எழுத வேண்டும். வேகம் கூட்டும் நாளில் எந்த எழுத்து முதலில் உடைகிறது என்று பார்த்து, மறுநாள் அதை மட்டும் மெதுவாக எழுதுங்கள். எழுதியவற்றுக்குத் தேதியிட்டு வைத்திருந்தால், முன்னேற்றம் உங்களுக்கே தெரியும். அன்றன்று பார்ப்பவருக்கு அது தெரியாது. ஸ்பைரல் நோட்டும் தடித்த நோட்டும் வேண்டாம். இடப்பக்கத் தையலும் கம்பியும் உங்கள் கையைத்தான் இடிக்கும். தனித்தாளோ, மேற்பக்கம் ஒட்டிய லெட்டர் பேடோ நல்லது. மேசை விளக்கு வலப்பக்கத்திலிருந்து ஒளி தரட்டும். இல்லையேல் உங்கள் கை நிழலிலேயே எழுதிக்கொண்டிருப்பீர்கள். வியர்க்கும் கை என்றால் அடியில் ஒரு துண்டுத்தாளை வைத்து நகர்த்திக்கொண்டே எழுதுங்கள்.

இத்தனையும் கையெழுத்து எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்பவருக்குச் சொன்னது. நன்றாக எழுதிக்கொண்டிருந்தவரின் எழுத்து அண்மையில் திடீரென்று சிறுத்துப் போனாலோ, கை நடுங்கினாலோ, விரல்கள் மரத்துப் போனாலோ, எழுதத் தொடங்கியதும் மட்டும் விரல்கள் தாமாக முறுக்கிக்கொண்டாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தேர்வறையைப் பொறுத்தவரை, அனுமதிச் சீட்டில் மையின் நிறத்தையும் பேனா வகையையும் பற்றிச் சொல்லியிருப்பதை முதலில் படித்துவிட்டு, அதற்குப் பொருந்தும் பேனாவிலேயே பயிற்சியை முடியுங்கள். சில கல்லூரிகளில் வலப்பக்கம் மட்டும் எழுதுபலகை பொருத்திய நாற்காலிகள் உண்டு. அவற்றில் இடக்கைக்காரர் உடலை முறுக்கிக்கொண்டுதான் எழுத முடியும். அப்படி ஒன்றில் உங்கள் எண் விழுந்திருந்தால், வினாத்தாள் கொடுப்பதற்கு முன்பே அறைக் கண்காணிப்பாளரிடம் சொல்லி வேறு மேசை கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பயிற்சி மையங்களில் நீள பெஞ்சில் உட்காரும்போது இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டால் பக்கத்தவர் முழங்கையோடு இடிபடாமல் தாளைச் சாய்க்கலாம்.

கையொப்பத்தை மட்டும் இந்தத் திருத்தத்திலிருந்து விலக்கி வையுங்கள். விண்ணப்பத்திலும் வங்கிக் கணக்கிலும் பதிவாகியிருப்பது உங்கள் பழைய கையொப்பம். தாளைச் சாய்த்துக் கையை வரிக்குக் கீழே வைத்து எழுதத் தொடங்கியதும் அதன் வடிவம் தானாகவே மாறக்கூடும். அதனால் பயிற்சிக் காலத்தில் பழைய கையொப்பத்தையும் அவ்வப்போது போட்டுப் பார்த்து, விண்ணப்பத்தின் நகலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.